மலாய்க் கல்யாணமும் தென்காசிச் சீமையும்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் அருவிக்குப் போகிற வழியெல்லாம் பழக்கடைகள் முளைத்துவிடும். ஜூன் மாதத்தில் சாரல் விழ ஆரம்பித்ததில் இருந்து செப்டம்பர் வரை ரம்புட்டான், மங்குஸ்தான், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் டுரியான் என்று வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காத பழங்கள் அங்கே குவிந்து கிடக்கும். வாங்குகிறவர்கள் பேரம் பேசுவதோடு சரி, பெயரைப் பற்றி யோசிப்பதில்லை. மூன்றுமே மலாய் மொழியில் இருந்து வந்த பெயர்கள். 'ரம்புத்' என்றால் முடி. முடி முளைத்த பழம் ரம்புத்தான். 'டூரி' என்றால் முள். முள் உள்ளது டுரியான். இந்த டுரியானைச் சாப்பிட்டால் பிள்ளையில்லாதவர்களுக்குப் பிள்ளை உண்டாகும் என்ற நம்பிக்கையில், கல்யாணமாகி சில வருடங்கள் ஆன தம்பதிகள் குற்றாலம் பழத்தோட்டத்துப் பழத்திற்காக அலைவதும் உண்டு. அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனாலும் விலை மட்டும் குறைவதே இல்லை!

பழங்கள் மட்டுமல்ல. கிராம்பையும் ஜாதிக்காயையும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் பயிர் செய்து பார்த்தார்கள். மலாய்த் தீவுகளின் மழையும் வெயிலும் இந்த மலைச்சரிவில் ஓரளவு கிடைக்கிறது என்பதுதான் காரணம். ஆக, அந்த நாட்டுச் செடிகள் இங்கே வந்தன. நூறு வருடம் கழித்து இந்த ஊர்களின் மனிதர்கள் அந்த நாட்டுக்குப் போனார்கள். போன இடத்தில் அவர்கள் பார்த்த மலாய்க்காரர்களின் கல்யாணம், தங்கள் ஊர்க் கல்யாணத்தைப் போலவும் இருந்தது, ஒரு விஷயத்தில் நேர்த் தலைகீழாகவும் இருந்தது. அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

கப்பல் ஏறியவர்கள்

தென்காசியில் இருந்து மதுரை சாலையில் 15, 16 கி.மீ. போனால் கடையநல்லூர். தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்கிறார்கள். தக்கலையில் அடங்கியிருக்கும் புகழ்பெற்ற சூஃபிக் கவிஞர் பீர்முகமது அப்பா பிறந்தது தென்காசியில்தான். கடையநல்லூர் முஸ்லிம்களில் பெரும்பாலோருக்குத் தொழில் கைத்தறி நெசவு. மில் துணி வந்து தறியை முடக்கிய காலத்தில், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இவர்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகத் தொடங்கினார்கள். 1926-இல் ஓடத் தொடங்கிய எஸ்.எஸ். ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஆட்களை ஏற்றி இறக்கியது. தமிழ்நாட்டில் அந்தத் தலைமுறையில் அந்தக் கப்பலின் பெயர் தெரியாதவர்கள் குறைவு.

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதிதான் இவர்களுடைய பேட்டை. மற்ற தமிழ் முஸ்லிம்களிடம் இருந்து இவர்களை வேறுபடுத்திக் காட்டும் செய்தி ஒன்று உண்டு. பொதுவாக ஆண்கள் மட்டும் போய், சம்பாதித்து, இரண்டு மூன்று வருடத்திற்கு ஒரு முறை ஊர் வந்து திரும்புவதுதான் வழக்கம். கடையநல்லூர்க்காரர்களோ பெண்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் குடும்பமாக அமர்ந்தார்கள். அந்தப் பெண்கள் அம்மியில் மசாலா அரைத்துச் சந்தையில் விற்று வீட்டுச் செலவில் பாதியைத் தாங்கினார்கள். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. 1946-இல் அந்த அமைப்பு உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது; அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982-இல் மூடப்பட்டது. மாக்ஸ்வெல் சாலைப் பக்கம் 'கடையநல்லூர் ஸ்ட்ரீட்' என்று ஒரு தெருவே இன்றும் இருக்கிறது. தென்காசிக்காரர்களுக்கும் அங்கே தனிச் சங்கம் உண்டு.

குடும்பமாகப் போனதால்தான் கல்யாணமும் அங்கேயே நடந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் கல்யாணத்துக்கு இவர்கள் போனார்கள், இவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் வந்தார்கள். ஒரே மார்க்கம், ஒரே நிக்காஹ். ஆனால் சடங்குகள் வேறு.

உண்மையில் இந்தக் கலப்பு கடையநல்லூர்க்காரர்களுக்கும் முந்தையது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம் ஆண்கள் மலாய்ப் பெண்களை மணந்து உருவான சமூகத்துக்கு ஜாவி பெரானாக்கான் என்று பெயர். மலாய் மொழியின் முதல் செய்தித்தாள் 1876-இல் சிங்கப்பூரில் வெளிவந்தபோது அதன் பெயரும் 'ஜாவி பெரானாக்கான்'தான். நடத்தியவர்களும் அந்தச் சமூகத்தார்தான். தமிழ் மாப்பிள்ளைகளின் பேரப் பிள்ளைகள் மலாய்ப் பத்திரிகை உலகத்தையே தொடங்கி வைத்தார்கள் என்பது தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படாத செய்தி.

சொல்லே சாட்சி

மலாய் மொழியில் மணமக்களைக் குறிக்கும் சொல் 'மெம்பெலாய்'. இது 'மாப்பிள்ளை' என்ற தமிழ்ச் சொல்லின் மலாய் உருவம். தமிழில் ஆணை மட்டும் குறிப்பது, அங்கே போய் மணமகள், மணமகன் இருவருக்கும் பொதுவாகிவிட்டது. கல்யாண விருந்துக்கு அங்கே 'கெண்டூரி' என்று பெயர். நாகூர் கந்தூரி, பொட்டல்புதூர் கந்தூரி என்று தர்கா விழாவுக்கு இங்கே வழங்கும் அதே பாரசீகச் சொல்தான் அது. கல்யாணம் செய்வதற்கு மலாயில் 'காவின்' என்பார்கள். இலங்கை முஸ்லிம்கள் நிக்காஹ்வைக் 'காவின்' என்று சொல்வது பலருக்குத் தெரிந்திருக்கும். இதற்கும் மூலம் பாரசீகம். அந்த மொழியில் அது பெண்ணுக்கு எழுதி வைக்கும் பொருளைக் குறித்தது. பெண்ணுக்குக் கொடுப்பது என்று பொருள்பட்ட சொல்லே கல்யாணத்துக்குப் பெயராகிவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும்.

எல்லாவற்றையும் விட அழகானது 'மெமினாங்'. பெண் கேட்பதற்கு மலாயில் இதுதான் சொல். 'பினாங்' என்றால் பாக்கு. (பினாங்குத் தீவின் பெயரும் இதுவே, பாக்குத் தீவு.) ஆக மெமினாங் என்றால் பாக்கு வைத்துக் கேட்பது. தென்காசிப் பக்கம் 'வெத்தல பாக்கு மாத்தியாச்சா?' என்று கேட்டால் நிச்சயம் முடிந்துவிட்டதா என்றுதானே அர்த்தம்? இரண்டு மொழிக்கும் இடையே இந்தச் சொல்லில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் ஒரே பாக்கை வைத்து ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள்.

பெண் பார்ப்பதில் இருந்து மறுவீடு வரை

மலாய்க் கல்யாணத்தின் முதல் படி 'மெரிசிக்'. பையன் வீட்டில் இருந்து பெரியவர்கள் சிலர் பெண் வீட்டுக்குப் போய் விசாரிப்பது. நேரடியாகக் கேட்கக் கூடாது. உங்கள் தோட்டத்தில் ஒரு பூ இருக்கிறதாமே, அதை யாராவது பறித்துவிட்டார்களா என்கிற தோரணையில் சுற்றி வளைத்துப் பேச வேண்டும். 'பந்துன்' என்கிற நாலடிப் பாட்டில் கேள்வியும் பாட்டிலேயே பதிலுமாக இது நடக்கும். பாட்டுக் கட்டத் தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். இங்கே அந்த அளவு கவிதை கிடையாது. மாமன் மகள், அத்தை மகன் என்று முறை இருக்கும் வீட்டில் விசாரிப்பே தேவையில்லை, 'எப்ப வச்சுக்கலாம்' என்பதுதான் கேள்வி.

இரண்டு பக்கமும் சம்மதித்த பிறகு நிச்சயம். அதற்கும் கல்யாணத்துக்கும் 'ஹந்தாரான்' எனப்படும் வரிசைத் தட்டுகள் வரும். துணி, செருப்பு, வாசனைத் திரவியம், பழம், பலகாரம், குர்ஆன், தொழுகை விரிப்பு என்று ஒவ்வொரு தட்டிலும் ஒரு பொருளை வைத்து அலங்காரம் செய்து எடுத்து வருவார்கள். முன்னால் போவது வெற்றிலைத் தட்டு. வெற்றிலைகளை அடுக்கிக் கோபுரம் போலக் கட்டி நிறுத்தியிருப்பார்கள். தட்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். பையன் வீட்டார் ஐந்து தட்டு கொண்டு வந்தால் பெண் வீட்டார் ஏழு தட்டாகத் திருப்பிக் கொடுப்பார்கள். தென்காசிக் கல்யாணத்தில் சீர்த் தட்டு பதினொன்றா இருபத்தொன்றா என்று எண்ணிப் பார்க்கும் சித்திகளுக்கும் பெரியம்மாக்களுக்கும் இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

மருதாணி இரவு இரண்டு ஊரிலும் உண்டு. மலாய்க்காரர்கள் அதை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள். முதல் இரவு திருட்டு மருதாணி. வெளியே தெரியாமல் வீட்டுப் பெண்கள் மட்டும் இடுவது. அடுத்தது சின்ன மருதாணி, கடைசியில் உறவெல்லாம் கூடி இடுகிற பெரிய மருதாணி. மூன்று இரவுக்கு நேரம் கிடைக்காத இக்காலத்தில் பெரும்பாலும் ஒரே இரவோடு முடிந்துவிடுகிறது. மருதாணி இடும்போதும், பிறகு மேடையில் அமர்ந்திருக்கும்போதும், பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து மஞ்சள் அரிசியும் பொரியும் தூவி, இலைக்கொத்தால் அரிசிமாவு கரைத்த நீரைத் தெளித்து வாழ்த்துவார்கள். மஞ்சள் அரிசி என்றவுடன் இங்குள்ளவர்களுக்கு அட்சதை நினைவுக்கு வரும். வர வேண்டியதுதான்.

நிக்காஹ் மார்க்கப்படி. பெண்ணின் வலி, இரண்டு சாட்சிகள், காழி. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லும் வாசகத்தைத் தடுமாறாமல் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று மலாய்க்காரர்கள் எதிர்பார்ப்பார்கள். தடுமாறினால் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். கூட்டம் சிரிக்கும், மாப்பிள்ளைக்கு வியர்க்கும். நாட்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தும் தடுமாறுகிறவர்கள் உண்டு.

நிக்காஹ் முடிந்தால் மார்க்கக் கடமை முடிந்தது. ஆனால் மலாய்க் கல்யாணத்தின் உச்சம் அதற்குப் பிறகுதான். 'பெர்சண்டிங்' என்பது மணமக்களை அரியாசனம் போன்ற மேடையில் அருகருகே அமர்த்துவது. அன்றைக்கு அவர்கள் 'ராஜா செஹாரி', ஒரு நாள் ராஜா. ஜரிகை நெய்த சொங்கெட் துணி, தலைப்பாகை, இடுப்பில் கிரிஸ் கத்தி. அரச குடும்பத்துக்கு மட்டும் உரிய மஞ்சள் நிறமும் அணிகலன்களும் சாதாரண மீனவர் மகனுக்கும் அந்த ஒரு நாள் மட்டும் அனுமதிக்கப்பட்டன என்பார்கள். ஊர்வலத்தில் கோம்பாங் எனப்படும் தோல்பறை முழங்கும் (இங்குள்ள முஸ்லிம்களின் தப் போன்றது). இருபுறமும் 'பூங்கா மங்கார்' பிடித்து வருவார்கள். இது தென்னம்பாளையைப் போலச் செய்த காகிதப் பூங்கொத்து. நிஜமான தென்னம்பாளையை மங்கலப் பொருளாக வைக்கும் வழக்கம் தென்காசியைத் தாண்டிச் செங்கோட்டை, ஆரியங்காவு என்று மலை இறங்கினால் கேரளத்தில் இன்றும் உண்டு. மாப்பிள்ளையை வாசலில் மறித்து, பணம் கொடுத்தால்தான் உள்ளே விடுவோம் என்று பெண்ணின் சகோதரிகள் நிற்பதும் அங்கே உண்டு, இங்கேயும் உண்டு.

சமையல் ஊர் கூடிச் செய்வது. முந்தின நாளே பக்கத்து வீட்டு ஆண்கள் விறகு பிளப்பார்கள், பெண்கள் வெங்காயம் உரிப்பார்கள், பெரிய கொப்பரைகளில் 'நாசி மின்யாக்' வேகும். பெயரை மொழிபெயர்த்தால் நெய்ச்சோறு. நெல்லைப் பக்கம் ஆக்குப்புரையில் விடிய விடியக் கரண்டி சத்தம் கேட்குமே, அதே காட்சி. விருந்தினர் புறப்படும்போது அவித்த முட்டையைக் காகிதப் பூவோடு கட்டிக் கையில் கொடுப்பார்கள். வம்சம் பெருகட்டும் என்று அர்த்தம். இப்போது முட்டை போய் மிட்டாயும் சோப்பும் வந்துவிட்டன. விருந்தினரும் சும்மா போவதில்லை. வீட்டுக்காரரின் கையைக் குலுக்கும்போது மடித்த நோட்டை உள்ளங்கையில் நழுவ விடுவார்கள். மொய்தான். ஆனால் மைக்கில் பெயர் வாசிப்பதும் இல்லை, நோட்டுப் போட்டு எழுதுவதும் இல்லை. இந்த விஷயத்தில் மலாய்க்காரர்கள் நம்மவர்களை விட நாகரிகமானவர்கள் என்று சொல்லத்தான் வேண்டும்.

சில நாள் கழித்து மணமக்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார்கள், அங்கே இன்னொரு விருந்து. நெல்லையில் மறுவீடு என்பார்கள். அங்கே கல்யாணமே பெண் வீட்டில் நடப்பதால் திசை மட்டும் வேறு.

யார் யாருக்குக் கொடுப்பது?

இதுவரை சொன்னது எல்லாம் ஒற்றுமை. வேற்றுமை பணத்தில் இருக்கிறது.

மலாய்க் கல்யாணத்தில் பணம் பையனிடம் இருந்து பெண்ணுக்குப் போகிறது. இரண்டு கணக்கு உண்டு. ஒன்று 'மாஸ் காவின்', அதாவது மஹர். மார்க்கக் கட்டாயம்; பெண்ணுக்கே சொந்தம். மலேசியாவில் இதன் தொகையை அந்தந்த மாநிலம் நிர்ணயித்து வந்தது. பெரும்பாலும் மிகச் சிறிய தொகை. ஜொகூரில் நெடுங்காலம் வெறும் 22.50 ரிங்கிட். மற்றொன்று 'வாங் ஹந்தாரான்', வழக்கப்படி கொடுக்கும் ரொக்கம். இதுதான் பெரியது. கல்யாணச் செலவுக்கென்று பெண் வீட்டாரிடம் கொடுப்பது. பெண் படித்தவளானால் தொகை கூடும். இந்தக் காலத்தில் இது பல ஆயிரம் ரிங்கிட் வரை ஏறி, பையன்கள் கடன் வாங்குவதும் கல்யாணத்தைத் தள்ளிப் போடுவதும் அங்கே பெரிய புலம்பல். மகளை விற்கிறார்கள் என்று மலாய்க்காரர்களே திட்டுவது உண்டு.

தென்காசிச் சீமையில்? நகை எத்தனை பவுன், ரொக்கம் எவ்வளவு, வண்டி உண்டா. கேட்பது பையன் வீடு, கொடுப்பது பெண் வீடு. இந்துக்களிடம் வரதட்சணை, முஸ்லிம்களிடம் கைக்கூலி. பெயர்தான் வேறு. முஸ்லிம் வீட்டில் மஹர் என்று மாப்பிள்ளை ஒரு தொகையைப் பெண்ணுக்கு எழுதுவார். அதைப் போல எத்தனையோ மடங்கு அதற்கு முன்பே எதிர்த் திசையில் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதைத் 'தொன்றுதொட்டு வந்த பழக்கம்' என்று சொல்கிறவர்கள் பலர். அது சரியல்ல. தமிழ்நாட்டில் பிராமணர் அல்லாத பெரும்பாலான சாதிகளில் ஒரு காலத்தில் இருந்தது பரிசம். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பணமோ தானியமோ கொடுத்து, சேலையும் நகையும் போட்டுப் பெண்ணை அழைத்து வருவார்கள். ஹந்தாரானும் பரிசமும் ஒரே ஜாதி. 20-ஆம் நூற்றாண்டில்தான் இது மெல்ல மெல்லத் திரும்பியது. படித்து, சர்க்கார் வேலைக்கும் சம்பளத்துக்கும் போன மாப்பிள்ளைகளுக்கு ஒரு விலை ஏற்பட்டது. முதலில் நிலமும் படிப்பும் இருந்த சாதிகளில், பிறகு அவர்களைப் பார்த்து மற்றவர்களிடம். மானிடவியல் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த மாற்றத்தை விரிவாகவே பதிவு செய்திருக்கிறார்கள். பரிசம் கடைசி வரை தாக்குப்பிடித்தது பெண்கள் வயலில் இறங்கி வேலை செய்த சாதிகளில். பெண்ணின் உழைப்பை இழக்கும் வீட்டுக்கு ஈடு கொடுப்பது என்கிற நியாயம் அதில் இருந்தது. பெண் வீட்டுக்குள் போனாள், பணம் திசை மாறியது.

மலாய்க் கிராமத்தில் பெண்கள் நெல் வயலில் நட்டார்கள், அறுத்தார்கள், சந்தையில் விற்றார்கள். நிலமும் வீடும் பெண்களுக்கும் வந்தது. நெகிரி செம்பிலானில் பரம்பரை நிலம் தாய்வழியில் மகளுக்கே போகும். மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து வாழ்வார். அப்படிப்பட்ட இடத்தில் பெண்ணை அனுப்பப் பணம் கொடு என்று யாரும் கேட்க முடியாது. நெசவுக்காரர் வீட்டிலும் பெண்கள் இல்லாமல் தறி ஓடாது. நூல் சுற்றுவது, பாவுக்குத் தயார் செய்வது எல்லாம் அவர்கள் கைதான். தஞ்சோங் பகாரில் மசாலா அரைத்த பெண்களும் அதே பெண்கள்தான்.

இங்கேதான் விசித்திரம். பையன் கொடுத்து மணக்கும் நாட்டுக்குப் போய்ச் சம்பாதித்துத் திரும்பியவர்களுக்கு ஊரில் 'சிங்கப்பூர் மாப்பிள்ளை', 'மலேயா மாப்பிள்ளை' என்று மவுசு கூடியது. மவுசு கூடினால் என்ன ஆகும்? கைக்கூலி ஏறியது. நெல்லைச் சீமை, தஞ்சைக் கடற்கரை என்று வெளிநாட்டுத் தொடர்பு இருந்த எல்லா ஊரிலும் இதே கதை. பின்னால் 1970-களில் வளைகுடா நாடுகள் திறந்தபோது இன்னும் ஏறியது. அரபு நாட்டிலும் கொடுப்பது பையன் வீடுதான்! போன இடத்துச் சாப்பாடு, துணி, சென்ட், ரேடியோ எல்லாவற்றையும் கொண்டுவந்தவர்கள் அதை மட்டும் கொண்டுவரவில்லை.

மலாய் முறையில் எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடவும் கூடாது. 1950-கள் வரை சிங்கப்பூர் மலாய்க்காரர்களின் திருமணங்களில் ஏறக்குறையப் பாதி விவாகரத்தில் முடிந்தன. 1958-இல் ஷரியா நீதிமன்றம் வந்து, தலாக்குக்குக் கட்டுப்பாடு ஏற்பட்ட பிறகே அது கணிசமாகக் குறைந்தது. கணவன் கொடுத்து மணந்தான் என்பதால் மனைவி பாதுகாப்பாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று, பெண் பிறந்தவுடன் தகப்பனுக்குப் பவுன் கணக்கு ஓட ஆரம்பிக்கவில்லை.

எது மார்க்கம், எது வழக்கம்?

1980-களின் பிற்பகுதியில் இருந்து தமிழகத்தில் தவ்ஹீத் இயக்கங்கள் கைக்கூலியை எதிர்த்துக் கடுமையாகப் பிரச்சாரம் செய்தன. மஹர் கொடுத்து மணம் முடியுங்கள், வாங்கி முடிக்காதீர்கள் என்பது அவர்கள் கோஷம். வரதட்சணைக் கல்யாணத்துக்குப் போவதே இல்லை என்று உறுதி எடுத்த இளைஞர்கள் ஊர் ஊருக்கு உண்டானார்கள். அதே மேடையில் கருகமணிக்கும் எதிர்ப்பு வந்தது. தாலி போலக் கருப்பு மணி கோத்து மணமகளுக்குக் கட்டுவது தமிழ் முஸ்லிம்களிடையே பரவலாக இருந்த வழக்கம். மாப்பிள்ளையின் தாயோ சகோதரியோ கட்டுவார்கள். அது இந்துக்களிடம் இருந்து வந்தது, விட்டுவிடுங்கள் என்றார்கள்.

கடலுக்கு அப்பாலும் அப்படியே ஒரு விவாதம். பெர்சண்டிங் இந்திய அரச மரபில் இருந்து வந்தது, மஞ்சள் அரிசி தூவுவது இந்துச் சடங்கு, விட்டுவிடுங்கள் என்று மலேசிய உலமாக்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். இஸ்லாம் பரவுவதற்கு முன் மலாய் உலகத்தில் இந்து, பௌத்த அரசுகள் பல நூற்றாண்டுகள் இருந்தன என்பதால் அந்த வாதத்தில் வரலாறு இருக்கிறது. சிலர் மஞ்சள் அரிசியை விட்டார்கள். மேடையை யாரும் விடவில்லை! ஒரு நாள் ராஜாவாக இருக்கும் ஆசை அவ்வளவு சீக்கிரம் போகுமா?

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கருகமணியை விட்ட வீடுகள் இங்கே நிறைய. கைக்கூலியை விட்ட வீடுகள் அந்த அளவுக்கு இல்லை. மணியை விடுவதில் செலவு எதுவும் இல்லை. கைக்கூலியை விட்டால் நஷ்டம். அதே சமயம், விட்டவர்களும் உண்மையிலேயே இருக்கிறார்கள், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

சிங்கப்பூரில் தங்கிவிட்ட தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் கல்யாணங்களில் இப்போது மலாய் மேடை, கோம்பாங், அலங்கரித்த ஹந்தாரான் தட்டுகள் எல்லாம் சகஜம். பந்தியில் பிரியாணி, தால்ச்சா. மணமகள் ஒரு வேளைக்குப் பட்டுச்சேலை, மறுவேளைக்கு மலாய் உடை. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பந்தல் போட்டு, மலாய்க்காரரும் தமிழரும் ஒரே வரிசையில் அமர்ந்து சாப்பிடுகிறார்கள்.

இந்தப் பக்கம், தென்காசி வட்டார இந்து வீடுகளில் பெண்ணுக்கு நிச்சயம் முடிந்ததைச் சொல்ல 'பரிசம் போட்டாச்சு' என்கிற பேச்சு இன்னும் காதில் விழுகிறது. சொல் மட்டும் பழைய திசையிலேயே நிற்கிறது. 1961-இல் வந்த வரதட்சணைத் தடைச் சட்டம் வாங்குவதையும் கொடுப்பதையும் குற்றமாக்கியது. முஸ்லிம் தனிச் சட்டப்படி கொடுக்கும் மஹர் இதில் சேராது என்று அந்தச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது. ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் மஹருக்கென்று ஓர் இடம் உண்டு. எத்தனை கிராம், எவ்வளவு ரூபாய் என்று எழுதி, மாப்பிள்ளையும் வலியும் சாட்சிகளும் கையெழுத்துப் போடுகிறார்கள். எதிர்த் திசையில் வந்த பவுனுக்கு அந்தப் பதிவேட்டில் இடம் கிடையாது.